அம்மா ஏற முடியாத மோட்டார் சைக்கிள்

புது வண்டி வீட்டுக்கு வந்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். பிறகு வீட்டில் மூத்தவரைப் பின்னால் உட்கார வைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம்.

அன்றைக்கும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அதுவரை குறை இல்லை.

"ஏறுங்கம்மா" என்றேன்.

அம்மா வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். பின் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"மோட்டார் சைக்கிள் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுக் குதிரையை வாங்கிட்டு வந்திருக்கியேடா!" என்றார்.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. அந்த வண்டியை நான் வாங்கியதே அம்மாவுக்காகத்தான்!

இது நடந்து 7 வாரம் ஆகிறது. இதற்குள் வண்டி 1,300 கிலோமீட்டர் ஓடிவிட்டது. "வண்டி எப்படி?" என்று கேட்காத ஆள் இல்லை. பால்காரர் கேட்கிறார். ஆபீசில் கேட்கிறார்கள். சிக்னலில் நிற்கும்போது முன்பின் தெரியாத இளைஞர்கள் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

இது என்ன வண்டி?

இந்த வகை மோட்டார் சைக்கிளுக்கு "டூயல் ஸ்போர்ட்" என்று பெயர். தார் ரோட்டிலும் ஓடும். மண் பாதையிலும் ஓடும். இரண்டுக்கும் ஆனது என்பதால் இந்தப் பெயர்.

பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். முன் சக்கரம் பெரிதாக இருக்கும். முன் மட்கார்டு டயரை ஒட்டி இராமல், கொக்கின் மூக்கைப் போல மேலே நீட்டிக்கொண்டிருக்கும். டயரில் கட்டை கட்டையாகப் பற்கள் இருக்கும். வண்டி ஒல்லி. ஆனால் நல்ல உயரம். எங்கள் தெருப் பிள்ளைகள் இதற்கு "கொக்கு வண்டி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கம்பெனி வைத்த பெயரைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

முன் சக்கரம் ஏன் பெரிது?

மாட்டு வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மாட்டு வண்டிக்குத் தச்சர் ஆள் மார்பு உயரத்துக்குச் சக்கரம் செய்தார். சிறிய சக்கரம் செய்தால் மரம் மிச்சம். வேலையும் மிச்சம். ஆனாலும் அவர் செய்யவில்லை. காரணம் உண்டு. சிறிய சக்கரம் பள்ளத்துக்குள் விழுந்துவிடும். பெரிய சக்கரம் பள்ளத்தின் இரண்டு விளிம்பையும் தொட்டுக்கொண்டு மேலாக உருண்டு போய்விடும். கல் குறுக்கிட்டால், சிறிய சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும். பெரிய சக்கரம் ஏறி இறங்கும்.

ஸ்கூட்டரின் ரிம் 10 அல்லது 12 அங்குலம். இந்த வண்டியின் முன் ரிம் 21 அங்குலம். தச்சருக்குத் தெரிந்த கணக்குத்தான் இதிலும் இருக்கிறது.

1968-ம் ஆண்டில் ஜப்பானின் யமாஹா கம்பெனி "டி.டி.1" என்ற 250 சி.சி. வண்டியை வெளியிட்டது. அதற்கு முன்பு மண் பாதையில் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் சாதாரண மோட்டார் சைக்கிளின் உறுப்புகளைக் கழற்றி, வேறு உறுப்புகளை மாட்டி, தாங்களே அதை மாற்றி அமைத்துக்கொண்டார்கள். "டி.டி.1" கடையிலேயே தயாராகக் கிடைத்தது. அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து மற்றக் கம்பெனிகளும் இந்த வகையில் இறங்கின.

நம் நாட்டில் 2011-ம் ஆண்டில் ஹீரோ கம்பெனி "இம்பல்ஸ்" என்ற 150 சி.சி. வண்டியைக் கொண்டுவந்தது. அது அதிகம் விற்கவில்லை. பிறகு நிறுத்திவிட்டார்கள். 2016-ம் ஆண்டில் சென்னை ராயல் என்பீல்டின் "ஹிமாலயன்" வந்தது. அது 411 சி.சி. கொண்ட கனமான வண்டி. 2019-ம் ஆண்டில் ஹீரோவின் "எக்ஸ்பல்ஸ் 200" வந்தது. சாதாரண சம்பளக்காரர் நினைத்துப் பார்க்கக்கூடிய விலையில் இந்த வகை வண்டி கிடைத்தது அதற்குப் பிறகுதான். 2025-ம் ஆண்டில் அதன் அண்ணன் மாதிரி "எக்ஸ்பல்ஸ் 210" வந்திருக்கிறது.

எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் அளவுகளைச் சொன்னால் இந்த வகையைப் பற்றி ஒரு கணக்குக் கிடைக்கும். என்ஜினின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவே 22 சென்டிமீட்டர் இடைவெளி. கல் தட்டாது. முன்பக்கத்து ஸ்பிரிங் 19 சென்டிமீட்டர் அமுங்கி எழும்பும். குலுக்கல் உடம்புக்கு ஏறாது. ஓட்டுகிறவர் உட்காரும் இடம் தரையிலிருந்து 82 சென்டிமீட்டர். அதாவது சுமார் இரண்டே முக்கால் அடி. பின்னால் உட்காருகிறவரின் இடம் அதற்கும் மேலே.

என் வண்டியும் இப்படிப்பட்ட சிறிய ரகம்தான். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. விளம்பரமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். ஒருவர் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு விற்ற வண்டி. விலை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. "இந்தப் பணத்தை நகைச் சீட்டில் போட்டிருக்கலாம்" என்று என் மனைவி ஒரே ஒரு முறை சொன்னாள். ஒரு முறைதான் சொன்னாள் என்பதால் அது இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

மாமா வீட்டுப் பாதை

அம்மாவின் அண்ணன், எனக்கு மாமா, மேலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருக்கிறார். வயது 78. ஒரு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். அம்மாவுக்கு 66. கூடப் பிறந்தவர்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது இவர்கள் இருவர்தான். பதினைந்து நாளைக்கு ஒரு முறையாவது அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

மதுரையிலிருந்து மேலூர் வரை கவலை இல்லை. யானைமலையைப் பார்த்துக்கொண்டே நாற்கரச் சாலையில் போய்விடலாம். பெரிய சாலையை விட்டு இறங்கிய பிறகு வரும் 6 கிலோமீட்டரில்தான் இருக்கிறது சங்கதி. முதலில் தார் ரோடு. தாரைவிடப் பள்ளம் அதிகம். பிறகு ஜல்லி பெயர்ந்த பாதை. கடைசியில் கண்மாயை ஒட்டி வெறும் மண். பஸ் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வரும். மழை நாளில் அதுவும் சந்தேகம். ஆட்டோக்காரர்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னாலே வானத்தைப் பார்க்கிறார்கள்.

என்னிடம் முன்பு ஸ்கூட்டர் இருந்தது. அதில்தான் அம்மாவை அழைத்துப் போவேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் "அம்மாடி" என்று ஒரு சத்தம் வரும். வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் முதுகுவலித் தைலம் மணக்கும். "முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது. குலுக்கல் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றோடு அம்மாவின் பிரயாணம் நின்றது. அண்ணனும் தங்கையும் டெலிபோனில் பேசிக்கொண்டார்கள். மாமாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அது பேச்சாக இருக்காது. இரண்டு பக்கமும் "என்ன? என்ன?" என்ற கேள்வியாகத்தான் இருக்கும்.

மதுரையில் நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் இருக்கிறது. 2023-ம் ஆண்டில் திறந்தார்கள். தரை தெரியாமல் பறந்து போகலாம். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாலத்தில் போக எந்த வண்டியும் போதும். மாமா வீட்டுக்குப் போகத்தான் நல்ல வண்டி வேண்டியிருக்கிறது.

இப்படித்தான் கொக்கு வண்டி வந்து சேர்ந்தது.

விளக்குத்தூணில் மானம் போனது

முதல் வாரம் மதுரை ஊருக்குள் ஓட்டினேன். உயரத்தினால் ஒரு லாபம் உண்டு. கார்களுக்கு மேலாக எட்டிப் பார்க்கலாம். கோரிப்பாளையத்தில் முன்னால் என்ன தகராறு என்று மற்றவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போது, நமக்கு மட்டும் தெரியும்.

நஷ்டமும் உயரத்தினால்தான். எனக்கு 5 அடி 6 அங்குலம். வண்டி நின்றால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படாது. விரல் நுனிதான் படும். சமதரையில் சமாளித்துவிடலாம். ரோட்டு ஓரம் சரிவாக இருந்தால்?

விளக்குத்தூண் பக்கத்தில் அப்படி ஒரு இடத்தில் நிறுத்தினேன். இடது காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் தரை இல்லை. நாலு அங்குலம் கீழே இருந்தது. 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி சாயத் தொடங்கியது. சாயத் தொடங்கிய பிறகு யாராலும் பிடிக்க முடியாது. துணி மூட்டை சுமந்துபோன ஒரு தொழிலாளி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து தோள் கொடுத்தார். இல்லையென்றால் ஜவுளிக் கடை வாசலில் படுத்திருப்பேன்.

"கால் எட்டாத வண்டியை ஏன் சார் வாங்குறீங்க?" என்றார் அவர். கேட்டது நியாயம். பதில் சொல்ல வாய் வரவில்லை.

உயரம் குறைந்தவர்கள் இந்த வண்டியை ஓட்டவே முடியாதா? முடியும். ஓட்டுகிறார்கள். நிறுத்தும்போது இரண்டு காலையும் தேடாமல், சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து, ஒரு காலை மட்டும் நன்றாக ஊன்ற வேண்டும். எங்கே நிறுத்துகிறோம் என்பதை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். இதைப் பழகிக்கொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

நாற்கரச் சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகம் சுகம். அதற்கு மேல் போக இந்தச் சிறிய என்ஜின் பிரியப்படவில்லை. எனக்கும் பிரியம் இல்லை. ஆம்னி பஸ் பக்கத்தில் கடந்தால், அந்தக் காற்று உயரமான வண்டியைப் பிடித்து ஆட்டுகிறது. லிட்டருக்கு 40 கிலோமீட்டரை ஒட்டிக் கொடுக்கிறது. ஸ்கூட்டரைவிடக் குறைவுதான். ஆனால் கட்டுப்படியாகும்.

நின்றுகொண்டு சவாரி

மண் பாதையில் இறங்கியதும் இது வேறு வண்டி ஆகிவிடுகிறது. இதை எழுத்தில் சொல்வது கஷ்டம்.

முதல் முறை மாமா ஊருக்குத் தனியாகப் போனேன். ஸ்கூட்டரில் எந்தப் பள்ளத்தைக் கண்டு நடுங்குவேனோ, அதே பள்ளம் எதிரே வந்தது. பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். வண்டி அதைத் தாண்டிப் போய்விட்டது! பள்ளம் இருந்ததே தெரியவில்லை. முன் சக்கரம் இறங்கி ஏறியதைக் கண்ணால் பார்த்தேன், உடம்புக்குத் தெரியவில்லை.

மிகவும் கெட்டுப்போன இடத்தில் உட்காரக் கூடாது. கால் வைக்கும் கட்டையில் எழுந்து நிற்க வேண்டும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ள வேண்டும். அப்போது நம் முழங்காலும் ஒரு ஸ்பிரிங் ஆகிவிடுகிறது. வண்டி கீழே குதித்தாலும் தலை ஆடுவதில்லை. இதை நான் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்குத் தெரியாது.

"ஏன் தம்பி நின்னுக்கிட்டே போறீங்க? சீட்டு சுடுதா?" என்று ஒரு அம்மாள் கேட்டார். வயல் முழுக்கச் சிரிப்பு.

பிரேக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களில் 2019 ஏப்ரல் முதல் "ஏ.பி.எஸ்." என்ற ஏற்பாடு கட்டாயம். திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் சுழலாமல் இறுகி, வண்டி வழுக்கும். அப்படி இறுகாமல் இது பார்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் இது உயிரைக் காக்கும். ஆனால் தளர்ந்த ஜல்லியில் டயருக்கே பிடிப்பு இல்லை. அங்கே எந்த ஏற்பாடும் நம் அவசரத்துக்கு ஈடு கொடுக்காது. மெதுவாகப் போவதுதான் பிரேக்.

ஸ்கூட்டரில் 35 நிமிஷம் பிடித்த 6 கிலோமீட்டர் அன்று 15 நிமிஷத்தில் முடிந்தது. கண்மாய்க் கரை அரச மரத்தடியில் வண்டியை நிறுத்தி, இமயமலையை வென்றவன் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது எதிரே ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வந்தது. ஓட்டியவருக்கு 70 வயது இருக்கும். முன்னால் ஒரு புல்லுக்கட்டு. பின்னால் ஒரு புல்லுக்கட்டு. பக்கத்தில் பால் கேன். நான் வீரமாகக் கடந்து வந்த அதே பாதையில், பீடி குடித்துக்கொண்டு நிதானமாக வந்தார். வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

"நல்லாருக்கு. மூட்டையை எங்கே வைப்பீங்க?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். மூட்டை வைக்க இடமே இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

1980-ம் ஆண்டில் டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. அதன் பேரப்பிள்ளைதான் இந்த எக்ஸ்.எல். வயல் வரப்பு ஓரத்திலும் கண்மாய்க் கரையிலும் 40 வருஷத்துக்கு மேலாக இந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த இமயமலைப் படத்தையும் போட்டு அதை யாரும் விற்கவில்லை. புல்லுக்கட்டுக்கு அதுதான் வண்டி. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் முதுகு தேய்ந்தவரைப் பள்ளத்தில் உட்கார வைத்து அழைத்துப் போக, சிறிய சக்கரத்தால் முடியாது. இரண்டு வண்டிக்கும் வேலை வேறு.

முள்

மதுரைச் சீமையில் இந்த வண்டிக்கு எதிரி மலை அல்ல. சேறும் அல்ல. சீமைக் கருவேல முள்!

மூன்றாவது வாரம் முன் சக்கரத்தில் ஏறியது. இந்த வண்டிகளில் ஆரக்கால் வைத்த சக்கரம். கல்லில் மோதினால் ஆரக்கால் சக்கரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், உடையாது. அதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஆரக்காலுக்கும் ரிம்மில் ஒரு ஓட்டை உண்டு. அந்த ஓட்டை வழியே காற்று போய்விடும் என்பதால் உள்ளே டியூப் வேண்டும். டியூப் இல்லாத டயரில் முள் ஏறினால் காற்று மெதுவாக இறங்கும். கடை வரைக்கும் ஓட்டிப் போய்விடலாம். டியூபில் ஏறினால் உடனே உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்துவிட்டது. ஒரு கிலோமீட்டர் தள்ளினேன். சித்திரை வெயில் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய டியூப் மதுரையில்தான் கிடைக்கும்" என்றார். ஒட்டுப்போட்டு அனுப்பினார். இப்போது ஒரு டியூப்பைத் துணியில் சுற்றிச் சீட்டுக்குப் பின்னால் கட்டி வைத்திருக்கிறேன். மூட்டை வைக்க இடம் இல்லாத வண்டியில் அதுதான் மூட்டை.

கண்மாய்க் கரையில் வாங்கிய திட்டு

இனி சொல்லப் போவது என் தப்பு.

இந்த வண்டி வாங்கியது தெரிந்ததும் இளைஞர்கள் இரண்டு பேர் தேடி வந்தார்கள். அவர்களிடமும் இதே வகை வண்டி. "ஞாயிற்றுக்கிழமை வாங்க அண்ணே. ரோடே இல்லாத இடத்துக்கெல்லாம் போவோம்" என்றார்கள். ஆசை யாரை விட்டது? போனேன்.

வறண்ட கண்மாய் ஒன்றுக்குள் இறங்கினோம். சுற்றினோம். பிறகு கரையின் சரிவில் வேகமாக ஏறிக் குதித்தோம். ஒருவர் ஏற, ஒருவர் படம் பிடித்தார். நானும் இரண்டு முறை ஏறினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

மூன்றாவது முறை ஏறப் போகும்போது ஒரு பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். அந்தக் கண்மாயின் நீர்க்கட்டி. மடையைத் திறந்து அடைத்து, வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அவர் சத்தம் போடவில்லை. எங்கள் டயர் கிழித்த தடத்தில் கம்பை வைத்துக் காட்டினார்.

"நீங்க படம் எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்க. மழை பெஞ்சா, தண்ணி முதல்ல இந்தத் தடத்துலதான் இறங்கும். இன்னிக்கு விரல் அளவு. ரெண்டு மழைக்கு முழங்கால் அளவு. அப்புறம் கரை எங்கே நிக்கும்?"

நான் பட்டம் பெற்றவன். ஊருக்கு நாலு நல்லது எழுதுகிறவன். இது எனக்குத் தெரியாமல் போயிற்று. மண் கரை என்பது புல்லும் வேரும் பிடித்து இறுகி நிற்பது. பல் டயர் அதைப் பெயர்த்துவிட்டால் அங்கே வாய்க்கால் உண்டாகிவிடும். கரைக்கு மேலே நடந்துபோகிற மாடும் மனிதரும் செய்யாத கேட்டை, என்ஜின் பலத்தால் சுழலும் ஒரு சக்கரம் அரை நிமிஷத்தில் செய்துவிடுகிறது.

அந்த இளைஞர்கள் அடுத்த வாரத்துக்குப் போட்டிருந்த திட்டம் அரிட்டாபட்டி.

அரிட்டாபட்டி மேலூர் தாலுகாவில் இருக்கிறது. மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசாங்கம் அதை அறிவித்தது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் என்ற இரண்டு கிராமங்களிலும் சேர்த்து 193 எக்டேருக்கு மேல் நிலம். ஏழு குன்றுகள். சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள். 2,000 வருஷத்துக்கு முற்பட்ட தமிழி எழுத்துக்கள். பாண்டியர் காலக் குடைவரைக் கோயில். அங்கே சுமார் 250 வகைப் பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். வல்லூறு இனப் பறவைகள் பாறை இடுக்கில் குஞ்சு பொரிக்கின்றன. எறும்புதின்னியும் தேவாங்கும் உண்டு.

அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று 2024 கடைசியில் செய்தி வந்தபோது, மேலூர் வட்டாரமே எழுந்து நின்றது. ஊர் ஊராகப் பெண்களும் கிழவர்களும் மதுரை வரை ஊர்வலமாக வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசாங்கம் அந்த ஏலத்தை ரத்து செய்தது. அப்படிக் காப்பாற்றிய குன்றில் நாம் போய் டயரைச் சுழற்றுவதா? "நான் வரவில்லை" என்றேன். அவர்களும் போகவில்லை என்றுதான் பிறகு கேள்விப்பட்டேன். நடந்து போய்ப் பார்ப்பதற்கு அங்கே எந்தத் தடையும் இல்லை. நடந்து பார்க்க வேண்டிய இடம்தான் அது.

இந்த வகை வண்டிகளின் விளம்பரத்தைப் பாருங்கள். பனி மலை. பாலைவனம். ஆற்றுக்கு நடுவே தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஓடும் வண்டி. "பாதை இல்லாத இடத்துக்குப் போ" என்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. நம் சமவெளியில் பாதை இல்லாத இடம் என்று ஒன்று ஏது? அது யாரோ ஒருவருடைய வயல். அல்லது கண்மாய். அல்லது மேய்ச்சல் நிலம். அல்லது சாமி இருக்கும் மலை. இங்கே இருப்பது பாதை கெட்டுப்போன இடம். அது நிறைய இருக்கிறது. அங்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கர்ப்பிணி இருக்கிறார். பள்ளிக்கூடத்து வாத்தியார் தினமும் போய் வருகிறார். கிராமச் செவிலியர் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார். இந்த வண்டி அவர்களுக்கு வேண்டியது. பனி மலைக்குப் போகிறவர் வருஷத்துக்கு ஒரு முறை போவார். செவிலியர் வாரத்துக்கு ஆறு நாள் போகிறார்.

அந்தச் செவிலியரால் இதில் ஏற முடியுமா? அதுதான் கேள்வி. கம்பெனிக்காரர்கள் சீட்டை இறக்கவில்லை. 2023-ம் ஆண்டில் எக்ஸ்பல்ஸின் "ப்ரோ" என்ற ரகம் வந்தது. அதன் சீட் 89 சென்டிமீட்டர். பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு அது தேவைதான். அப்படி ஏற்றத் தெரிந்தவர்களுக்கு, கிராமத்துக்குப் போகிறவர்களுக்காக இன்னொரு ரகத்தை இறக்கவும் தெரியாதா? ஸ்பிரிங்கின் நீளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும். 21 அங்குலச் சக்கரம் அப்படியே இருக்கட்டும். பள்ளத்தைத் தாண்டுவதில் பாதி வேலை அதனுடையதுதானே?

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி இருக்க வேண்டும், கால் வைக்க இடம் இருக்க வேண்டும், சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சேலை கட்டியவர் பின்னால் உட்காருவார் என்பதை அந்த விதியை எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். அவர் எப்படி ஏறுவார் என்பதை இனிமேல்தான் யாராவது நினைக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 18 வயது ஆகாத பையன் இந்த வண்டியைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கியர் வைத்த வண்டிக்கு அதற்கு முன் லைசென்சு கிடையாது. பையன் ஓட்டி விபத்து நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. சிறையை விடுங்கள். 150 கிலோ வண்டி அவன் காலின் மேல் விழும்.

திண்ணை இருந்தது

அம்மா எப்படி ஏறினார்?

மூன்று வாரம் ஏறவில்லை. நான் மட்டும் மாமாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "அவளைக் கூட்டிக்கிட்டு வரலையா?" என்று ஒவ்வொரு முறையும் மாமா கேட்டார். ஒரு லட்சம் ரூபாயைக் கொட்டி என்ன செய்துவிட்டோம் என்று எனக்கே வெறுப்பாக இருந்தது. வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வழி கண்டுபிடித்தவள் என் மனைவி. எங்கள் வீட்டு வாசலில் பழைய காலத்துத் திண்ணை உண்டு. வண்டியை அதை ஒட்டி நிறுத்தச் சொன்னாள். அம்மா திண்ணையில் ஏறினார். அங்கிருந்து சீட் கீழே இருந்தது! சும்மா உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

ஹெல்மெட்தான் அடுத்த தகராறு. பின்னால் உட்காருகிறவருக்கும் அது கட்டாயம். அம்மாவின் கொண்டை அதற்குள் போகவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகப் போட்டுக்கொண்டார். "இந்த வயசுல எனக்கு ஜடை!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று மெதுவாகத்தான் போனேன். பெரிய சாலையை விட்டு இறங்கினேன். முதல் பள்ளம் வந்தது. பின்னால் "அம்மாடி" வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். வரவில்லை. இரண்டாவது பள்ளம். வரவில்லை. ஜல்லி, மண், கண்மாய்க் கரை, எல்லாம் தாண்டியது.

"வைக்கோல் பரப்பின கூண்டு வண்டியில போற மாதிரி இருக்குடா" என்றார் அம்மா.

மாமா வீட்டில் திண்ணை இல்லை. பழைய உரல் ஒன்று முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் கால் வைத்து இறங்கினார். கட்டிலில் படுத்திருந்த மாமா சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார்.

"எதுல வந்தே?" என்று கேட்டார்.

"குதிரையில!" என்று அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினார் அம்மா.

இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் ஒரு முறை போய்விட்டு வந்தோம். முதுகுவலித் தைலம் அலமாரியில்தான் இருக்கிறது.

திரும்பும் வழியில் மேலூரில் டீ குடிப்பது எங்கள் பழைய வழக்கம். அங்கே திண்ணையும் இல்லை, உரலும் இல்லை. இறங்கினால் ஏற முடியாது. ஆகவே அம்மா இறங்குவதில்லை. நான் சமதரை பார்த்து வண்டியை நிறுத்தி, ஒரு காலை நன்றாக ஊன்றிப் பிடித்துக்கொள்கிறேன். டீக்கடைக்காரர் கிளாஸை எடுத்துவந்து, கையை மேலே நீட்டிக் கொடுக்கிறார்.